மாமியின் நாற்றுமேடையில் நான் பிடுங்கியவை

மன்னார்த் தீவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பச்சையாக எது முளைத்தாலும் ஒரே பெயர்தான்: கழுதைத் தீன். வீட்டு வாசலில் ஆசையாக ஒரு செடி வைப்போம். அது இரண்டாவது இலை விடுவதற்குள் தெருக்கழுதை ஒன்று வேலிக்கு மேலால் தலையை நீட்டி, ஒரே கடியில் நம்முடைய விவசாய ஆர்வத்தை முடித்துவைத்துவிடும். தீவில் தென்னையும் பனையும் மட்டும் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம் மண்வளம் அல்ல, கழுதைக்கு எட்டாத உயரம் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

நான் பேசாலையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். கலியாணம் பேசும் வயதுவரை செடிகொடி பற்றி எனக்கு இருந்த அறிவு இவ்வளவுதான். மீன் என்றால் வேறு கதை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வாலைத் தடவிப் பார்த்து விளைமீனா, பாரையா என்று சொல்லிவிடுவேன். (இந்தத் திறமையை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் இதுவரை விசாரித்ததில்லை.) எங்கள் வீட்டில் இருந்த ஒரேயொரு பூ, மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்ற பிளாஸ்ரிக் ரோசா. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து வைப்பது என் பொறுப்பு. என் பராமரிப்பில் அதுகூட வெளுத்துப்போயிருந்தது.

இப்படிப்பட்ட என்னைத்தான் மெற்றில்டா சின்னம்மா ஒரு தோட்டக்காரக் குடும்பத்துக்கு மருமகளாக்கப் புறப்பட்டார்.

மெற்றில்டா சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அவர் பொய் சொல்லமாட்டார். இருப்பதைக் கொஞ்சம் பெருப்பித்துச் சொல்வார். கடலில் பிடிபட்ட நெத்தலி, சின்னம்மாவின் வாய்வழியாகக் கரைக்கு வரும்போது திருக்கையாகியிருக்கும்.

யுத்தம் முடிந்து, சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பிப் பற்றைகளை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன சின்னம்மா, காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கிய இடத்தில் பக்கத்துக் கூடாரத்து அம்மாவோடு சிநேகமாகிவிட்டார். அந்த அம்மா உயிலங்குளத்துக்காரர். ஒரே மகன். பெயர் யூட். யூட், கடையில் வாங்கும் உரமோ மருந்தோ போடாமல் தோட்டம் செய்பவர். அதுவும் தனியாக அல்ல. ஊர்க் குடும்பங்கள் பல முறைவைத்து வந்து வேலை செய்து, விளைவதைப் பங்குபோட்டுக்கொள்ளும் தோட்டம். வேலைக்கு வர உடம்பு ஏலாத வீடுகளுக்கும் ஒரு கூடை மரக்கறி போகும். அதைப் பார்த்துப் படிக்க வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த அம்மா, "என்ர பொடியனுக்கு மண்ணை விரும்பிற பொம்பிளையா வேணும்" என்று பெருமூச்சு விட்டிருக்கிறார்.

சின்னம்மாவுக்கு அது போதும்.

"எங்கட ஜெசிந்தாவுக்குத் தோட்டமெண்டால் உயிர்! வீட்டில நிக்கிற ரோசாவைத் தடவிப் பாக்காமல் நித்திரைக்குப் போகாள்."

(கவனியுங்கள். ரோசா என்றாரே தவிர, உயிருள்ள ரோசா என்று சொல்லவில்லை.)

படங்கள் கைமாறின. ஒருநாள் யூட் ரெலிபோன் எடுத்தார். என்ன படித்தீர்கள், என்ன சமைப்பீர்கள் என்று கேட்பார் என நினைத்துப் பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவரோ அரை மணித்தியாலம் மண்புழுவைப் பற்றிப் பேசினார். அது எப்படி இரவில் மேலே வரும், எப்படி மண்ணைத் தின்று மண்ணையே திருப்பித் தரும் என்று. அந்த மனிதனின் குரலில் அப்படி ஒரு இரக்கம். ஒரு புழுவைப் பற்றி இவ்வளவு அன்பாகப் பேசுகிறவர், கட்டின மனுசியைப் பற்றி எவ்வளவு அன்பாகப் பேசுவார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விழுந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் உயிலங்குளத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: "நாள் குறிக்க முந்தி பிள்ளை ஒருக்கா வந்து தோட்டத்தைப் பாக்கட்டும். எங்கட சீவியம் அதுதான். பிறகு, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு நிக்கக்கூடாது."

அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு வாகனத்தில் ஏறினால் தீவுப் பாலம் தாண்டுமுன் வாந்தி வந்துவிடும். ஆகவே நானும் சின்னம்மாவும்தான் ஓட்டோவில் புறப்பட்டோம். வெறுங்கையோடு போகாமல், ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு ஒரு பெரிய பாரை. நான் ரோசாப்பூ நிறத்தில் சேலை கட்டி, குதி உயர்ந்த செருப்பும் போட்டிருந்தேன். தோட்டம் பார்க்கப் போகிறவள் குதி உயர்ந்த செருப்போடு போகலாமா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு யாரும் கேட்கவில்லையே!

வழி முழுக்கச் சின்னம்மா எனக்குப் பாடம் எடுத்தார்.

"இஞ்ச பார் பிள்ளை, அவையள் எதைக் காட்டினாலும் 'நல்லா வந்திருக்கு' எண்டு சொல்லு. வேற ஒண்டும் வாயால விடாத. மிச்சத்தை என்னட்ட விடு."

"என்ன செடி எண்டு கேட்டால்?"

"தோட்டக்காரரே வைச்ச செடியை எங்களிட்ட ஏன் கேக்கினம்? அவையளுக்குத் தெரியாதே?"

நியாயமாகத்தான் பட்டது.

தோட்டத்து வாசலிலேயே தாயும் மகனும் நின்றார்கள். யூட் படத்தில் இருந்ததைவிடக் கறுப்பாகவும் இன்னும் நல்லவராகவும் இருந்தார். தாயார் உயரமான, மெலிந்த மனுசி. சொற்களையும் விதைபோல எண்ணித்தான் போடுவார். பாரையைப் பார்த்து, "நல்ல மீன்" என்றார். என்னைப் பார்த்து, "வாங்கோ பிள்ளை" என்றார். என் செருப்பைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

யூட் எங்களைத் தோட்டம் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கால் வைத்ததும் எனக்குக் கண் கட்டிவிட்டது. எங்கு பார்த்தாலும் பச்சை. அதில் வாழை மட்டும் தெரிந்தது. தேங்காயை மேலே பார்த்துக் கண்டுபிடித்தேன். மற்றவை எல்லாம் எனக்கு இலைகள்.

"நல்லா வந்திருக்கு" என்றேன் பந்தலில் தொங்கிய எதையோ பார்த்து. யூட் மகிழ்ந்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றேன் அடுத்த வரிசையைப் பார்த்து.

யூட் தயங்கினார். "இது... பூச்சி தின்னட்டும் எண்டு ஓரத்தில விட்டது. இதைத் தின்னிற சந்தோசத்தில உள்ளுக்கு வராது." அப்போதுதான் பார்த்தேன், ஓர் இலைகூட முழுதாக இல்லை. மீன்வலை போலக் கிடந்தது.

சின்னம்மா கைகொடுத்தார். "அவள் அதைத்தான் தம்பி சொல்லுறாள். பூச்சியள் நல்லா வந்திருக்கு."

கொஞ்சம் தள்ளி, வெயிலில் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். தலையில் தொப்பி. சின்னம்மா அவரைப் பார்த்து, "பாவம், இந்த வெயிலுக்க நிக்கிறார். தம்பி, நிழலுக்கு வாங்கோவன்!" என்று கூப்பிட்டார். அவர் வரவில்லை. யூட்டின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு காகம் விரட்ட நின்ற வைக்கோல் பொம்மை அது. (சின்னம்மாவுக்குத் தூரப்பார்வை குறைவு என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.)

கடைசியாக யூட் ஒரு பீப்பாவைக் காட்டினார். மீன் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் பனங்கட்டியோடு போட்டு ஊறவைத்து, அதில் வடியும் சாற்றைச் செடிகளுக்கு விடுவார்களாம். மூடியைத் திறந்ததும் ஆடிக்கூழ்போல ஓர் இனிப்பு வாசம். எவ்வளவு சாற்றுக்கு எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று அவர் விளக்கமாகச் சொன்னார். நான் மிகக் கவனமாக அவருடைய கண் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களைவிட நீளமான இமைகள். அளவு காதில் ஏறவில்லை.

"மீனைப் பனங்கட்டியில போட்டு வைச்சிருக்கினம்" என்று சின்னம்மா என் காதுக்குள் கிசுகிசுத்தார். "பொடியன் நல்லவன். ஆனா மீன் சமைக்கத் தெரியாது."

நாங்கள் திரும்பி வந்தபோது தாயார் குசினி வாசலில் நின்றார்.

"இஞ்ச வாற எல்லாரும் கொஞ்ச நேரம் மண்ணில கைவைக்கிறது எங்கட வழக்கம்" என்றார். "பிள்ளைக்குத் தோட்டமெண்டால் உயிராமே. கிணத்தடிப் பக்கத்து மேடையில கொஞ்சம் களை கிடக்கு. சமைச்சு முடியிறதுக்குள்ள பிடுங்கிவிடுவீங்களோ?"

"அதுக்கென்ன அன்ரி!" என்றேன்.

யூட் எங்களை அந்த மேடையில் கொண்டுபோய் விட்டார். கட்டில் அளவில் உயர்த்திக் கட்டிய மண். அதில் இரண்டு சாதி இலைகள். "களை எதெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லைத்தானே" என்று சிரித்தார்.

"தேவையில்லை" என்று நானும் சிரித்தேன். அவர் வாய்க்கால் திருப்பப் போய்விட்டார்.

நானும் சின்னம்மாவும் மேடைக்கு இரண்டு பக்கமும் குந்தி, ஆளை ஆள் பார்த்தோம்.

"எது சின்னம்மா களை?"

சின்னம்மா குனிந்து, கண்ணைச் சுருக்கி ஆராய்ந்தார். ஒரு சாதி, மெல்லிசாக, நீட்டாக, ஊசிபோலப் பச்சையாக இடைக்கிடை நின்றது. மற்றது சின்னச் சின்ன இலைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருந்தது.

"இந்த நீட்டு, வெங்காயம்" என்றார் சின்னம்மா. "சந்தையில தாளோட வாங்கிறனாங்கள், தெரியேல்லையே?"

தெரிந்தது. சாட்சாத் வெங்காயத் தாள்தான்.

"அப்ப இந்தச் சின்ன இலை?"

"அது களை. நட்டதெண்டால் ஆராவது இப்பிடி நெருக்கமா நடுவினமோ? தானா முளைச்சதுதான் இப்பிடி அடைஞ்சு கிடக்கும்."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

தொடங்கினோம். ஈர மண், இழுத்தால் வேரோடு வந்தது. ஒரு கட்டத்தில் எனக்கு உண்மையாகவே ஆசை பிடித்துவிட்டது. தோட்டம் என்றால் இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று நினைத்தேன். யூட் கடலோரப் பெண்ணைக் கட்டியதற்குப் பெருமைப்படுவார் என்று நினைத்தேன். வளைந்து நின்ற ஒரு வெங்காயத்துக்கு ஈர்க்கு ஒன்றை முட்டுக் கொடுத்து நிமிர்த்திவைத்தேன். பிடுங்கிய களையை அழகாகக் குவித்து, வெயிலில் நன்றாகக் காயட்டும் என்று விரித்தும் விட்டேன். களை திரும்ப முளைக்கக்கூடாதல்லவா?

மேடை சுத்தமாயிற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெங்காயம் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. நாங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பியபோது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து யூட் கூப்பிட்டார்.

"வெள்ளாங்குளத்துப் பெண்கள் சங்கம் நாற்று எடுக்க வருகினம்! லொறி சந்தியில நிக்குதாம், நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். அந்த மிளகாய் மேடைக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடுவீங்களோ?"

"ஓம், விடுறன்!" என்று கத்தினேன். பிறகு ஒரு சந்தேகம். "எந்த மேடை?"

"நீங்கள் நிக்கிற மேடைதான்! கவனம், அது அம்மான்ர இனம். இடம்பெயர்ந்து போகேக்க சங்கிலியை மறந்துபோட்டு இந்த விதையைத்தான் முடிஞ்சுகொண்டு போனவா!"

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போயேவிட்டார்.

நான் மேடையைப் பார்த்தேன். சின்னம்மா குவியலைப் பார்த்தார். குவியல் ஏற்கெனவே வாடிக் கிடந்தது.

"சின்னம்மா" என்றேன். "வெங்காயத்தில மிளகாய் காய்க்குமோ?"

"யேசுவே" என்றார் சின்னம்மா.

எனக்கு அழுகை வந்தது. சங்கிலியைவிடப் பெரிதென்று தூக்கிக்கொண்டு ஓடிய விதை. அதை நான் கொத்துக்கொத்தாகப் பிடுங்கி, விரித்து, காயவும் வைத்திருக்கிறேன். இனி நாள் குறிக்கவாவது, கலியாணமாவது! மண்புழுவைப் பற்றிப் பேச ஒருவரும் எனக்கு ரெலிபோன் எடுக்கப்போவதில்லை.

"அழாத" என்றார் சின்னம்மா, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு. "பிடுங்கினதைத் திருப்பி நட்டால் முடிஞ்சுது. ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் நடவில்லை, குத்தினார். நான் ஒவ்வொன்றாக மண்ணில் வைத்துக்கொண்டிருக்க, சின்னம்மா கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, பூச்சாடியில் பூ வைப்பது போல வைத்துக்கொண்டே போனார். அவசரத்தில் பல நாற்றுகள் தலை மண்ணிலும் வேர் வானத்திலுமாக நின்றன. நிமிர்ந்து நின்றவையும், பூசையில் மயங்கி விழுகிறவர்கள் போல மெல்லச் சாய்ந்தன.

"தண்ணி காட்டினால் நிமிரும்" என்றார் சின்னம்மா.

பூவாளி வெறுமையாகக் கிடந்தது. கிணற்றில் அள்ள நேரமில்லை. பக்கத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் கான் இருந்தது. சின்னம்மா மூடியைத் திறந்து மணந்தார். "பனங்கட்டி வாசம் வருது. இது அந்த மீன் தண்ணி. வெறும் தண்ணியைவிட இது நல்லதுதானே? சத்துக் கூட!"

கான் முழுவதையும் ஊற்றினார். கடைசித் துளிவரை உதறினார்.

தண்ணீர் கலக்காத சாறு அது. ஒரு சிரட்டைச் சாற்றைப் பெரிய பீப்பாத் தண்ணீரில் கரைக்க வேண்டுமாம். அப்படிக் கரைக்காமல் விட்டால் நாற்று கருகிப்போகும். இதைத்தான் நான் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யூட் விளக்கியிருக்கிறார். ஆனால் நாற்று கருகும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. காகங்கள் முந்திக்கொண்டன.

முதலில் ஒரு காகம் வந்தது. அது உயிலங்குளத்துக் காகங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டது. மீன் வாசம் பிடித்துக் குசினிக்குப் பின்னால் படுத்திருந்த இரண்டு நாய்கள் ஓடிவந்தன. ஒன்று மேடையைக் கிண்டியது. மற்றது அதில் படுத்து, நான்கு காலும் வானத்தைப் பார்க்க, மிகுந்த பக்தியோடு உருண்டது. கோழிகள் குடும்பத்தோடு வந்தன. நான் குதி உயர்ந்த செருப்பைக் கழற்றி ஒரு காகத்துக்கு எறிந்தேன். அது நேரே போய் வைக்கோல் பொம்மையின் தலையில் பட்டு, தொப்பி விழுந்தது. சின்னம்மா வேறு வழியில்லாமல் மேடைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்து, கைகளை விரித்து, மிச்ச நாற்றுகளைத் தன் உடம்பால் காப்பாற்றினார். அவர் பாரமான மனுசி. அவருக்குக் கீழே அகப்பட்டவை எதுவும் பிறகு எழும்பவில்லை.

அந்தக் கட்டத்தில்தான் லொறி வந்தது.

வெள்ளாங்குளத்துப் பெண்கள் கூடைகளோடு இறங்கி வரிசையாக நின்று பார்த்தார்கள். யூட் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சத்தம் கேட்டுத் தாயாரும் அகப்பையோடு வந்தார். முழங்கைவரை சேறு, சேலையெல்லாம் மீன் சாறு, இரண்டு காலும் வெறுங்கால், கையில் மற்றச் செருப்பு. இப்படித்தான் நான் என் மாமியாருக்கு முன்னால் நின்றேன்.

சங்கத் தலைவி முன்னுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா. விவசாயப் பயிற்சி என்று எங்கே வைத்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பவர். புழு வளர்த்தால் உரம், மாட்டு மூத்திரம் தெளித்தால் மருந்து, மீனைப் பனங்கட்டியில் ஊறவைத்தால் சத்து என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர். அதனால் எதைக் கண்டாலும் சட்டென்று பிழை சொல்லமாட்டார்.

மேடையில் இருந்த சின்னம்மாவை மரியாதையாகப் பார்த்து, "இது என்ன முறை அக்கா?" என்று கேட்டார்.

சின்னம்மா ஒரு நொடிதான் யோசித்தார்.

"இது எங்கட தீவுப் பக்கத்து முறை. முதல்ல நாற்றைப் பிடுங்கி வெயிலில போடுறது. பிறகு திருப்பி நடுறது. செடிக்கு ஒரு அதிர்ச்சி குடுக்கிறது."

"அதிர்ச்சியோ?"

"ஓம். ஒருக்கா செத்துப் பிழைச்ச செடி, பிறகு பூச்சிக்குப் பயப்பிடாது."

தலைவி தலையாட்டினார். பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். "அப்ப சிலது தலைகீழா நிக்குதே?"

"வேர் காத்து வாங்க."

"நீங்கள் மேல இருக்கிறது?"

"அது..." சின்னம்மாவுக்கே கொஞ்சம் திக்கியது. "அது சூடு குடுக்கிறது. கோழி அடைகாக்கிற மாதிரி."

நான் யூட்டைப் பார்த்தேன். அவர் சட்டென்று திரும்பி, வாழை மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின. அழுகிறார்! தாயின் மிளகாய்க்காக அழுகிறார்! அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"அன்ரி, முறையும் இல்லை, ஒண்டும் இல்லை!" என்று கத்திவிட்டேன். "நான் இதை வெங்காயம் எண்டு நினைச்சு விட்டிட்டு, மிளகாயைக் களை எண்டு பிடுங்கிப்போட்டன். எனக்கு மீனைத் தவிர ஒண்டும் தெரியாது. எங்கட வீட்டில நிக்கிற ரோசா பிளாஸ்ரிக்!"

தாயார் மெல்ல வந்து குனிந்தார். நான் ஈர்க்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தேனே, அந்த வெங்காயத்தைப் பிடுங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அது கோரைப்புல். தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகத் திட்டித் தீர்க்கிற கோரை.

"வெங்காயம்" என்றார்.

ஈர்க்கையும் எடுத்துப் பார்த்தார். "முட்டும் குடுத்திருக்கிறா."

பிறகு அந்தச் சொல் குறைந்த மனுசி, அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். வாழை மரத்தில் முட்டிக்கொண்டு நின்ற யூட் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர்தான். ஆனால் அது மிளகாய்க்காக வந்ததல்ல. வெள்ளாங்குளத்துப் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மேடையிலிருந்து எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கத் தலைவியிடம் சொன்னார்: "வாழைக்கு அங்கால இன்னொரு மேடை கிடக்கு, வாங்கோ. நான் எப்பவும் ஒண்டு கூடத்தான் போடுறனான். மாடு மேயும், மழை அடிக்கும், பூச்சி தின்னும்." என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "இனி மருமகளுக்கெண்டும் ஒண்டு கூடப் போட வேணும்."

அவர் சொன்ன கடைசி வசனம் எனக்கு உடனே விளங்கவில்லை. சின்னம்மாதான் சேற்றுக் கையால் என் முதுகில் ஓங்கி அடித்து விளங்கப்படுத்தினார்.

அன்றைக்கு எல்லோரும் ஒன்றாக இருந்து பாரைக் குழம்போடு சாப்பிட்டோம். வெள்ளாங்குளத்துப் பெண்களும் இருந்து சாப்பிட்டு, நாற்றுகளைக் கூடைகளில் வைத்துக்கொண்டு போனார்கள். என் மேடையிலிருந்து கொஞ்சத்தையும் பொறுக்கிக் கழுவி எடுத்தார்கள். அதில் ஒன்றிரண்டு பிழைத்துக் காய்த்ததாகப் பிறகு சொல்லி அனுப்பினார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, தன்னுடைய முறையில் தப்பில்லை என்று சின்னம்மா சாதித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மீன் சாற்று வாசம் என்னைவிட்டு இலேசில் போகவில்லை. தேசிக்காய் தேய்த்தேன், மஞ்சள் பூசினேன். ஞாயிற்றுக்கிழமை பேசாலைக் கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் ஒரு பூனை நின்றது. சுவாமியார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருந்தன்மையாக ஒன்றும் கேட்கவில்லை.

கலியாணம் நடந்தது. இப்போது நான் உயிலங்குளத்துக்காரி. எனக்கு நிறையச் செடிகளின் பெயர் தெரியும். தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு நானே சுற்றிக் காட்டி விளக்கம் சொல்லுகிறேன். ஆனால் எவ்வளவு படித்து என்ன? எங்கள் பக்கத்தில் கோரையை ஒருவரும் கோரை என்று சொல்வதில்லை. அது 'ஜெசிந்தா வெங்காயம்'. வெள்ளாங்குளத்துப் பெண்கள் அந்தப் பெயரைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அது வேறு ஊர்களுக்கும் பரவியது. சிலாவத்துறைச் சந்தையில் முன்பின் தெரியாத ஒரு மனிதர், "காணி முழுக்க ஜெசிந்தா வெங்காயம், ஒண்டும் செய்ய ஏலாமல் கிடக்கு" என்று இன்னொருவரிடம் புலம்பியதை என் காதாலேயே கேட்டேன். நான் மரக்கறிக் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் புதிதாக மாற்றலாகி வந்த விவசாயக் கந்தோர் அதிகாரித் தம்பி ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நல்ல ஊக்கமான பிள்ளை. வழியெல்லாம் சனங்கள் ஜெசிந்தா வெங்காயத்தைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டு, ஏதோ புதிய இனம் என்று நினைத்துவிட்டார். தேத்தண்ணியைக் கையில் எடுத்தபடி மாமியிடம் கேட்டார்:

"அம்மா, இந்த ஜெசிந்தா வெங்காயம் எந்த ஊர் இனம்? விளைச்சல் எப்பிடி?"

யூட் தேத்தண்ணி புரையேறி வெளியே ஓடினார். நான் தட்டத்தோடு அப்படியே நின்றேன். மாமி முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"பேசாலை இனம் தம்பி" என்றார். "விளைச்சல் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. ஆனா ஒருக்கா வேர் விட்டுதெண்டால், ஆர் வந்து பிடுங்கினாலும் போகாது."